தக்காளிக்கு விலை கிடைத்தது. காசு எங்கே போயிற்று?

எடப்பாடிக்கு அருகே ஒரு கிராமத்தில் அண்மையில் தக்காளி சாகுபடி பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. இலைச்சுருட்டு நோய், காய்ப்புழு, சொட்டுநீர் வழி உரமிடுதல் என்று வழக்கம் போலப் பேசி முடித்தேன். கேள்வி நேரம் வந்தது. பூலாம்பட்டிப் பக்கமிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் எழுந்து, சட்டைப் பையிலிருந்து இரண்டு மண்டிச் சிட்டைகளை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"ஏனுங்க ஐயா, விலை பாதிக்கு மேல இறங்கிப் போச்சு. அது சரிங்க. ஆனா எனக்கு வந்த காசு முந்தி வந்ததுல இருவதுல ஒரு பங்குகூட இல்லீங்களே. மீதி எங்கீங்க போச்சு?"

முப்பது ஆண்டுகளாக ஏக்கருக்கு எத்தனை டன் என்று பேசியே பழகிய எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. சிட்டைகளை வாங்கிப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கையே இங்கு தருகிறேன். விளங்குவதற்கு வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன். உங்கள் ஊர் வாடகை, கூலி எதுவோ அதைப் போட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டு சிட்டைகள்

பெட்டிக்கு 25 கிலோ வீதம் 40 பெட்டி. மொத்தம் 1,000 கிலோ. முதல் சிட்டையில் கிலோ 15 ரூபாய். ஆகவே விற்ற தொகை 15,000 ரூபாய். இதில் சேலம் வரை வண்டி வாடகை 2,500. ஏற்று, இறக்குக் கூலி பெட்டிக்கு 10 ரூபாய் வீதம் 400. மண்டிக் கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 1,500. காய் பறித்த ஆறு பெண்களுக்கு 2,100. எல்லாம் போக 8,500 ரூபாய் கைக்கு வந்தது.

இரண்டாவது சிட்டையில் கிலோ 6 ரூபாய். விற்ற தொகை 6,000. வண்டி வாடகை அதே 2,500. ஏற்று, இறக்குக் கூலி அதே 400. பறிப்புக் கூலி அதே 2,100. கமிஷன் மட்டும் 600 ஆகக் குறைந்தது. மிச்சம் 400 ரூபாய்! விலை இறங்கியது நூற்றுக்கு அறுபது. விவசாயியின் கையில் இறங்கியது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.

காரணம் விளங்குகிறதா? தக்காளி விலை ஏறும், இறங்கும். வண்டி வாடகை இறங்காது. சாலையில் ஓடும் சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் சரக்கு பொன்னா மண்ணா என்று தெரியாது. டீசலும் டயரும் ஒரே அளவில்தான் தேயும். விலை வீழ்ச்சியின் முழுச் சுமையும் கடைசியில் நிற்பவர் தலையில் விழுகிறது. அந்தக் கடைசி ஆள் விவசாயி. இந்தக் கணக்கில் நாற்று, மருந்து, உரம், உழவு எதுவும் சேரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

போக்குவரத்து என்றால் ரயில், நெடுஞ்சாலை, துறைமுகம் என்று பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். நமக்கு அது வரப்பிலிருந்து தொடங்குகிறது. தோட்டத்து வண்டித் தடம், ஊராட்சிச் சாலை, எடப்பாடி, சங்ககிரி, பிறகுதான் கொச்சி நெடுஞ்சாலை. இந்த நீண்ட சங்கிலி நம் பயிரின் விலையை எப்படி ஆட்டி வைக்கிறது என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து கொள்வது நல்லது.

யூரியா மூட்டையும் தக்காளிப் பெட்டியும்

45 கிலோ வேம்பு பூசிய யூரியா மூட்டையின் சில்லறை விலை 266 ரூபாய் 50 காசு. உள்ளூர் வரியில் சிறு மாற்றம் இருக்கலாமே தவிர, எடப்பாடியிலும் இதே விலை, இமயமலை அடிவாரத்திலும் இதே விலை. உர ஆலைக்குப் பக்கத்து ஊருக்கும் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஊருக்கும் ஒரே விலை எப்படி? உரத்தை ரயிலில் கொண்டு வரும் செலவை மத்திய அரசு மானியமாக ஏற்றுக் கொள்கிறது. அதனால் தூரம் விவசாயியைத் தொடுவதில்லை.

இரும்புக்கும் சிமென்டுக்கும் 1950-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இதுபோல் வாடகைச் சமன் முறை இருந்தது. தொழில்கள் நாடெங்கும் பரவ வேண்டும் என்பது நோக்கம். (கனிமம் விளைந்த பீகாருக்கு அது நட்டம் என்று இன்றும் அங்கே சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு.) ஆனால் நம் தோட்டத்திலிருந்து வெளியே போகும் காய்கறிக்கு அப்படி நிரந்தர ஏற்பாடு எதுவும் வந்ததில்லை. உள்ளே வரும் சரக்கின் தூரத்தை அரசு சுமக்கிறது. வெளியே போகும் சரக்கின் தூரத்தை விவசாயி சுமக்கிறார். ஒருமுறை ஒரு முயற்சி நடந்தது. 2020 ஆகஸ்ட் 7-ல் மகாராஷ்டிரத்து தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் புறப்பட்டது. சிறு மூட்டைகளையும் வழி நிலையங்களில் ஏற்றிக் கொண்டது. அந்த அக்டோபரில் காய்கறி, பழங்களுக்குக் கட்டணத்தில் பாதி மானியமும் அறிவிக்கப்பட்டது. சிறு விவசாயியின் நாலு பெட்டியை ரயில் மதித்த அரிய காலம் அது.

மற்றபடி ரயிலின் கணக்கு வேறு. ஒரு முழுச் சரக்கு ரயில் 2,500 டன்னுக்கு மேல் சுமக்கும். நிலக்கரி, சிமென்ட், உரம், தானியம் என்று ஒரே சரக்கு மொத்தமாக இருந்தால்தான் அதற்குக் கட்டுப்படி. இரண்டு ஏக்கர்க்காரர் அதன் வாசலில் போய் நிற்க முடியாது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலில் போயிற்று. இன்று அது சுமார் மூன்று பங்குக்குக் குறைந்துவிட்டது. மற்றதில் பெரும்பகுதி லாரிக்கு வந்துவிட்டது.

வருகிற ரயிலும் நம் மக்காச்சோளமும்

ரயிலில் நாம் ஏற்றுவதில்லை என்பதால் ரயில் நம்மைத் தொடவில்லை என்று எண்ண வேண்டாம். சேலம், நாமக்கல், கரூர் ரயில் பாதை 2013-ல் திறக்கப்பட்டது. அதன் பிறகு நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு வேண்டிய தீவனப் பொருள்கள் வட மாநிலங்களிலிருந்து நாமக்கல் நிலையத்துக்கே முழு ரயிலாக வந்து இறங்குகின்றன. பீகாரின் மக்காச்சோளமும் அவற்றில் ஒன்று.

முன்பு நம் மானாவாரி மக்காச்சோளத்துக்குப் போட்டி பக்கத்து மாவட்டமும் கர்நாடகமும்தான். இப்போது கோசி ஆற்றங்கரை விவசாயியும் நம் போட்டியாளர். அவர் குளிர்காலப் பயிரை ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை செய்கிறார். நம் புரட்டாசிப் பட்டத்து மக்காச்சோளம் தை, மாசியில் வீட்டுக்கு வருகிறது. "கொஞ்சம் விலை ஏறட்டும்" என்று சரியாக உலராத மூட்டையைச் சித்திரை வரை அடுக்கி வைப்பவர், வட நாட்டு ரயிலுக்காகக் காத்திருக்கிறார் என்று பொருள். இருப்பு வைப்பதானால் ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழ் உலர்த்தி, பீகார் விளைச்சல் எப்படி என்று செய்தியையும் கேட்டு வையுங்கள். அங்கே மழையால் விளைச்சல் கெட்டது என்றால் இங்கே காத்திருப்பது வீண் போகாது.

இதனால் முட்டை விலைக்கு நன்மை, கோழிப் பண்ணையாளருக்கு நன்மை. அதை மறுக்க முடியாது. ஒரே தண்டவாளம் ஒருவருக்கு வரவாகவும் அடுத்த வீட்டுக்காரருக்குச் செலவாகவும் இருக்கிறது.

இது புதிய சங்கதியும் அன்று. சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை 1861-ல் சேலத்தை அடைந்து, அதே ஆண்டில் சங்ககிரி துர்க்கம் வரை நீண்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் வந்தது. ரயில் இருந்த சீமையில் பஞ்சம் கடுமையாக இராது என்று பலர் நம்பியிருந்தார்கள். தானியம் ரயிலில் வந்தது உண்மைதான். ஆனால் எங்கே விலை அதிகமோ அங்கே வியாபாரி அனுப்பினார். வாங்கக் காசில்லாதவனுக்கு நிலையத்தில் அடுக்கிய மூட்டையால் பயனில்லை. நிலையத்திலிருந்து உள்நாட்டுக்கு இழுக்க வேண்டிய மாடுகளோ தீவனமும் தண்ணீருமின்றிச் செத்துக் கொண்டிருந்தன. 1871 கணக்கெடுப்பில் அன்றைய பெரிய சேலம் மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் சுமார் 16 லட்சம். பாதை இருந்தும் இந்த நிலை. கடைசிப் பத்து மைலும் கையில் காசும் இல்லாமல் போனால் பெரிய பாதை என்ன செய்ய முடியும்?

லாரி திரும்பி வரும் கணக்கு

சங்ககிரியில் லாரி, நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுதல், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி என்று நம் வட்டாரம் நாட்டுக்கே சக்கரம் பூட்டிய வட்டாரம். மழை பொய்த்த காலத்தில் காட்டை விற்று லாரி வாங்கிய குடும்பங்கள் நம் உறவிலேயே இருக்கும். அவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது "ரிட்டர்ன் லோடு" பற்றித்தான். வட நாட்டுக்குப் போகும் வண்டி திரும்பி வரும்போது வெங்காயமோ பருப்போ கிடைத்தால் லாபம். காலியாக வந்தால் போன வாடகையிலேயே இரு வழிச் செலவும் ஏற வேண்டும். ஒரே தூரத்துக்குப் போக ஒரு வாடகை, வர வேறு வாடகை இருப்பதன் இரகசியம் இதுதான்.

பூலாம்பட்டி விவசாயி கொடுத்த 2,500 ரூபாயும் அப்படித்தான். வண்டி விடியற்காலையில் மண்டியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. அந்தக் காலி வண்டிக்கும் அவர்தான் வாடகை கொடுக்கிறார். திரும்பும்போது ஊர்க் கடைக்கு மாட்டுத் தீவனமோ மளிகையோ ஏற்றி வர ஏற்பாடு செய்தால் வாடகையில் பேரம் பேச இடமுண்டு. எடப்பாடி, ஜலகண்டாபுரம் விசைத்தறிகளுக்கு நூல் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டிகளையும் விசாரித்துப் பாருங்கள். மருந்து, சிமென்ட் ஏற்றிய வண்டி மட்டும் காய்கறிக்கு ஆகாது.

அதைவிட எளிய வழி வண்டியை நிரப்புவது. 60 பெட்டி கொள்ளும் வண்டியில் 20 பெட்டியை மட்டும் ஒருவர் அனுப்பினால் பெட்டிக்கு 125 ரூபாய் வாடகை. கிலோவுக்கு 5 ரூபாய். 40 பெட்டி என்றால் கிலோவுக்கு இரண்டரை ரூபாய். மூன்று பேர் சேர்ந்து 60 பெட்டி நிரப்பினால் கிலோவுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 67 காசு. ரசாயன உரத்தில் ஒரு மூட்டை மிச்சம் பிடிக்க ஆயிரம் யோசனை சொல்கிறோம். இதில் ஒரு கிலோவுக்கு மூன்று ரூபாய் சும்மா கிடக்கிறது. சேராததற்குக் காரணம் வரப்புத் தகராறுதான் என்று வகுப்பில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் மறுக்கவில்லை.

பெரிய சாலைகளில் கடந்த பத்தாண்டுகளில் நடந்த மாற்றங்களும் லாரிக்கு உதவின. 2017 ஜூலை 1-ல் சரக்கு, சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018-ல் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. வண்டி வேகமாகப் போகிறது, அதிகம் சுமக்கிறது. ஆனால் கூடுதல் எடையைத் தாங்க ஊராட்சிச் சாலை போடப்படவில்லை. குழியில் வண்டி தூக்கிப் போடும்போது அடிப்பெட்டித் தக்காளி நசுங்குகிறது. அந்த நட்டம் எந்தச் சிட்டையிலும் எழுதப்படுவதில்லை. "கழிவு" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

இந்தச் சங்கிலி ஒரு வாரம் அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2018 ஜூலை 20 முதல் எட்டு நாள் நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தம். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஊரடங்கில் விளைபொருள் வண்டிக்குத் தடை இல்லை என்றே அரசு சொன்னது. ஓட்டுநருக்கு வழியில் சோறு கிடைக்கவில்லை, பஞ்சர் ஒட்ட ஆள் இல்லை, சந்தை மூடியிருந்தது.

தண்ணீருக்கு வாடகை கொடுக்கலாமா?

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். ஒரு டன் தக்காளி அனுப்புகிறவர் தொள்ளாயிரம் லிட்டர் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறார் என்றும் சொல்லலாம். நம் பெரியவர்கள் இதைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். பத்து டன் கரும்பை இழுக்காமல் தோட்டத்திலேயே ஆலையாட்டி ஒரு டன் வெல்லமாக்கினார்கள். பச்சை மஞ்சளை வேகவைத்து உலர்த்தி ஐந்தில் ஒரு பங்கு எடையாக்கி ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் கொண்டு போனார்கள்.

இதற்குச் சிறந்த பாடம் குச்சிக்கிழங்கு. மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். அதைத் தொலைதூரம் அனுப்ப முடியாது. ஆனால் நான்கு, ஐந்து டன் கிழங்கு ஒரு டன் ஜவ்வரிசியானால் அது மாதக்கணக்கில் இருக்கும். விரத நாளில் கிச்சடி செய்யும் மகாராஷ்டிரத்துக் குடும்பம் வரை போகும். ஆலைகள் பல சேர்ந்து 1981-ல் சேகோ சர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைத்ததும் இந்தத் தூரத்து வாணிபத்துக்காகத்தான். கிழங்கு போடுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஆலைக்காரர் மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்து விலை போடுகிறார். வண்டிக்காரர் எடையைப் பார்த்து வாடகை வாங்குகிறார். மண்ணும் அதிக ஈரமும் ஒட்டிய கிழங்குக்கு விலையும் இல்லை, வாடகையும் தண்டம். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் பிடுங்குவதைத் தவிர்த்து, மண்ணை உதறி ஏற்றுங்கள். பிடுங்கும் நாளையும் ஆலையில் அரவை நாளையும் முன்பே பேசி வையுங்கள். கிழங்கு ஆலை வாசலில் ஒரு நாள் காத்துக் கிடந்தால் பாயிண்ட் குறைவது உங்கள் கணக்கில்தான்.

பஸ்ஸும் பறிப்பு ஆளும்

1973-ல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. பஸ் போகாத ஊர்களுக்கும் பஸ் வந்தது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வழி பிறந்தது. 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. "அதனாலதாங்க காய் பறிக்க ஆள் வர்றதில்லை" என்று வகுப்பில் ஒரு பெரியவர் குறைப்பட்டார். அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். பஸ்ஸுக்குக் காசு வேண்டாம் என்றானதும் அந்தப் பெண் டவுனுக்குப் போய்க் கூடுதல் கூலி பார்க்கிறாள். ஆனால் அது அவளுக்குக் கிடைத்த பேரம் பேசும் வலு. நாம் மண்டியில் கேட்பதும் அதே வலுவைத்தானே? பறிப்பு நேரத்தைப் பஸ் நேரத்தோடு பொருத்தி வைப்பவர்களுக்கு ஆள் கிடைக்கிறது என்பது நான் பார்த்தது.

சாலைக்கு நிலம் கொடுக்கும் வேதனையைச் சேலம் மாவட்டம் நன்கு அறியும். 2018-ல் அறிவிக்கப்பட்ட சென்னை, சேலம் எட்டு வழிச்சாலைத் திட்டம் ஐந்து மாவட்ட விவசாயிகளைக் கலங்க வைத்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. வழக்கின் நியாயத்தைச் சொல்ல நான் வழக்கறிஞன் அல்லன். வேளாண் விரிவாக்கக்காரனாக ஒன்று சொல்வேன். வேலி போட்ட விரைவுச்சாலையில் எங்கே ஏற முடியும், எங்கே இறங்க முடியும் என்பதுதான் சிறு விவசாயிக்கு முக்கியம். ஏறும் இடம் இருபது மைல் தள்ளி இருந்தால், நிலத்தை இழந்தவர் அந்தச் சாலையை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

பறிப்பதா, விடுவதா?

மீண்டும் அந்தச் சிட்டைக்கு வருவோம். மண்டி விலை எவ்வளவுக்குக் கீழே போனால் பறிக்காமல் விடுவது மேல்? வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, பறிப்புக் கூலி மூன்றையும் கூட்டுங்கள். அவருக்கு அது 5,000 ரூபாய். ஆயிரம் கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 5 ரூபாய். பத்து சதவீதக் கமிஷனும் போக வேண்டுமல்லவா? ஆகவே 5-ஐ 0.9-ஆல் வகுத்தால் 5 ரூபாய் 56 காசு. இதற்குக் கீழே விலை போனால் ஒவ்வொரு கிலோவுக்கும் கைக்காசு போட்டு விற்கிறோம் என்று அர்த்தம். அவர் தம் 40 பெட்டியோடு பக்கத்துத் தோட்டத்தாரின் 20 பெட்டியையும் அதே வண்டியில் சேர்த்துக் கொண்டால், அவர் பங்கு வாடகை ஏறத்தாழ 1,667 ரூபாய். கீழ் விலை 4 ரூபாய் 63 காசுக்கு இறங்குகிறது. ஆறு ரூபாய்ச் சந்தையில் 400 ரூபாயோடு திரும்பியவர் 1,233 ரூபாயோடு திரும்பலாம்.

இதைப் பறிப்புக்கு முந்திய நாள் மாலையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். மண்டி விலையைத் தொலைபேசியில் இரண்டு இடத்திலாவது கேளுங்கள். ஏற்றுவதற்கு முன் ஊரிலேயே எடை போட்டு, பெட்டி எண்ணிக்கையையும் எடையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வண்டியோடு அனுப்புங்கள். தூரத்துச் சந்தைக்கானால் நிறம் திரும்பத் தொடங்கிய காயைப் பறியுங்கள். உழவர் சந்தைக்கானால் பழுத்ததைப் பறியுங்கள். சிட்டையில் வாடகை, கூலி, கமிஷன், கழிவு நான்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

சிட்டைகளைக் கசக்கி எறியாதீர்கள். ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். அடுத்த பயிற்சிக்கு வரும்போது ஒரு பருவத்துச் சிட்டைகள் அத்தனையும் கொண்டு வரும்படி அந்த வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.